அம்மா ஆபீஸுக்குப் போறாங்க

எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் மேசை, நாற்காலி, மின்விசிறி போட்ட இடமல்ல. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். திருத்தங்கலிலும் சிவகாசியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் இருட்டோடு எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு வேன் ஏறுகிற பெண்களிடம் எங்கே போறீங்க என்று கேட்டுப் பாருங்கள். "ஆபீஸுக்கு" என்றுதான் பதில் வரும். அங்கே குழாய் சுற்றுவார்கள், திரி வைப்பார்கள், லேபிள் ஒட்டுவார்கள். எண்ணிக்கைக்குக் கூலி. சாயந்தரம் இறங்கி வரும்போது கையிலும் முகத்திலும் அலுமினியப் பொடி வெள்ளி பூசியிருக்கும். எந்தப் புண்ணியவான் இதற்கு ஆபீஸ் என்று பெயர் வைத்தானோ. இரண்டு மூன்று தலைமுறையாக நாங்கள் ஆபீஸ்காரர்கள்தான்.

இந்த ஆண்டு எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தாள். அரசுப் பள்ளியில் படித்தவள். அவள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, பேர் என்ன, ஊர் எது, அப்பா என்ன செய்றார், அம்மா என்ன செய்றார் என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். இவளும் எழுந்து, நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள்: "அம்மா ஆபீஸுக்குப் போறாங்க." உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் குனிந்து, "கவர்மெண்ட் ஆபீஸா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் "ம்" என்றிருக்கிறாள்.

அந்த ஒரு "ம்"மைக் காப்பாற்ற அவள் பட்ட பாட்டைக் கேளுங்கள். அம்மா போன் பண்ணினால் விடுதி மொட்டைமாடிக்கு ஓடிப் போய்ப் பேசுவது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வாரேன் என்ற அம்மாவை, வேண்டாம், பரீட்சை இருக்கு என்று தடுத்தது. ஊர் எது என்று கேட்டால் சிவகாசி என்று பொதுவாகச் சொல்லித் தப்பிப்பது. விடுதிப் படிவத்தில் முகவரி எழுதும்போது 'காலனி'யை விட்டுவிட்டு எழுதியது. (அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எங்கள் பிள்ளை அரசாங்கத்தை முந்திக்கொண்டு தானே நீக்கிவிட்டாள்!) பதினோராம் நாள் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தாள். என்னம்மா என்று கேட்டதற்கு, "ஒத்துவரல மாமா." அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

மறுநாள் அவள் அம்மா நான் வேலை பார்க்கும் வங்கிக்கு வந்தார். என் கவுண்ட்டர் முன்னால் வரிசையில் நின்று, முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கட்டின பீஸத் திருப்பித் தருவாகளா தம்பி? ஆபீஸ்ல அட்வான்ஸ் வாங்கிக் கட்டினது." மருந்தில் தேய்ந்த விரல்களை மேடைமேல் வைத்துக்கொண்டு நின்றார். அந்த விரல்களின் ரேகையை எங்கள் இயந்திரம் பல நேரம் ஒத்துக்கொள்வதில்லை. மூன்று முறை, நாலு முறை வைக்கச் சொல்லுவோம். துடைச்சிட்டு வைங்கக்கா என்போம். ரேகை இருந்தால்தானே துடைக்க.

தோழர்களே, இந்த இதழின் தலையங்கம் இதைப் பற்றித்தான். வேறு பெரிய விஷயங்கள் இருக்கின்றன என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு வந்து சேர்ந்த அறிவுரைகளை எண்ணிப் பார்த்தேன். பழைய டீச்சர், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், என் வங்கிச் சகாக்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "மொத வருசம் அப்படித்தான் இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணிக்கிறணும்." இதில் பாதி உண்மை. டாக்டர் மகனும் முதல் வாரம் போர்வைக்குள் அழுவான். விடுதிச் சாம்பார் யாருக்கும் இறங்காது. வீட்டு ஏக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. தீபாவளி லீவுக்குள் அது ஆறிவிடும். நாம் பேசுவது ஆறாத ஒன்றை. மற்றப் பிள்ளைகள் அந்த ஆண்டில் புது இடத்துக்குப் பழகுகிறார்கள். நம்ம பிள்ளைக ஒளிஞ்சுக்கப் பழகுதுக. அம்மாவின் தொழிலை, தெருவின் பெயரை, தட்டில் என்ன சாப்பிடுவோம் என்பதை, எந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது என்பதை, எல்லாவற்றையும். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பாடத்துக்கே நாளில் பாதி போய்விட்டால் இயற்பியலுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

இதை வெளியே நின்று சொல்லவில்லை. 2007இல் நானும் ஒரு கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தேன். ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு அலுவலர் வந்து நின்று, "எஸ்.சி., எஸ்.டி. பசங்கெல்லாம் எந்திரிச்சு வாங்க, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கு" என்றார். அறுபது பேர் உள்ள வகுப்பு. அறுபது தலைகளும் திரும்பின, யார் எழுகிறார்கள் என்று பார்க்க. நாலு பேர் எழுந்தார்கள். நான் எழவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாலு பேரையும் மற்றவர்களோடு சேர்ந்து நானும் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எழுந்தவர்களில் பரமக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் இரவு என் அறைக்கு வந்தான். எனக்கென்று ஒரு படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தான். எப்படிக் கண்டுபிடித்தானோ. "எனக்கு வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தேதி முடிந்தது. அந்த வருஷ உதவித்தொகை போயிற்று. அம்மா அதற்குப் பதிலாக இன்னொரு அட்வான்ஸ் வாங்கினார். அதை அடைக்க அடுத்த தீபாவளி வரை ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போனார். ஏன் பணம் வரலை என்று என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். பின்னாளில் கவிதை என்று எதையெதையோ எழுதினேன். கலகம், தீ, பறை என்றெல்லாம் வரும். இதை மட்டும் எழுதியதில்லை.

இந்த ஒளிதலுக்கு வயது அதிகம். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்கிறார். ஏறத்தாழ நானூறு பேர் படித்த இடத்தில் ஒரு பத்துப் பேரைத் தவிர அத்தனை பேரும் பிராமணர்கள். தன் சாதி, இருப்பிடம், உறவுக்காரர் யார் என்பது தெரிந்துவிட்டால் கேவலமாக நடத்துவார்களே என்ற பயத்தில், மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, அடித்தபின் உள்ளே போயிருக்கிறார். வகுப்பு விட்டதும் மற்றவர்கள் எட்டிப்பிடிக்க முடியாதபடி வேகவேகமாக வீட்டுக்கு நடந்திருக்கிறார். விளையாட்டு கிடையாது. கூட்டாளி கிடையாது. மொட்டைமாடிக்கு ஓடிப் போய் அம்மாவோடு பேசிய எங்கள் தெருப் பெண்ணும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

ஆனால் அதே மனிதர் 1893 அக்டோபரில் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கியபோது அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'பறையன்'. எந்தச் சொல் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்று ஓட்டமாய் நடந்தாரோ, அதையே முகப்பில் அச்சடித்து விற்றார். நாம் நடத்துகிற இந்தச் சின்னப் பத்திரிகைகளுக்கெல்லாம் அதுதான் மூத்த வீடு. ஓடி ஒளிந்த பையனுக்கும் அந்த முகப்புக்கும் நடுவே இருந்த தூரத்தை அவர் எப்படிக் கடந்தார் என்பதை நம் மாணவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறந்தநாளுக்கு மாலை போடுகிறோம். 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். நல்லது. உள்ளே இருக்கிற பிள்ளை தன் பெயரைச் சத்தமாகச் சொல்லும்போதுதான் அந்தப் பலகைக்கு அர்த்தம்.

மொழி விஷயத்துக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் எங்கள் ஊர் வருகிறது, கட்டுரை காதையில், தங்கால் என்ற பெயரில். பராசரன் என்ற பார்ப்பனன் பொருளோடு வரும் வழியில் இங்கே அரசமரத்தடியில் தங்குகிறான். (காப்பியம் அதைப் போதி மன்றம் என்கிறது. அதைத் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.) விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களில் வார்த்திகன் மகன், மழலை மாறாத நாக்கோடு, ஆனால் பிழையில்லாமல் வேதம் ஓதுகிறான். பராசரன் மகிழ்ந்துபோய் முத்துப் பூணூலும் நகைகளும் கொடுத்துவிட்டுப் போகிறான். நகை ஏது என்று சந்தேகப்பட்டு அரசனின் ஆட்கள் வார்த்திகனைச் சிறைவைக்கிறார்கள். பாண்டியன் பிறகு தவறு தெரிந்து, மன்னிப்புக் கேட்டு ஊரையே மானியமாகக் கொடுக்கிறான். குழறுகிற நாக்குக்குப் பொன் கொடுத்த ஊர் இது. யாருடைய நாக்கு, எந்த மொழி என்பதில்தான் விஷயம். அதே ஊரிலிருந்து போன பிள்ளை வகுப்பில் எழுந்து ஆங்கிலப் பாடத்தை வாசித்துக் குழறினால் கிடைப்பது பின்பெஞ்சுச் சிரிப்பு. நாலு முறை சிரித்தால் ஐந்தாம் முறை சந்தேகம் கேட்க எழமாட்டாள். கேட்காத சந்தேகம் செமஸ்டரில் அரியராக வந்து நிற்கும். அரியர் விழுந்ததும், பார்த்தியா, கோட்டாவில் வந்தா இப்படித்தான் என்று ஆரம்பத்தில் சொன்ன கதையையே முடிவாகச் சொல்லுவார்கள். வட்டம் பூர்த்தியாகிவிடும்.

வெறும் கூச்சம்தானே, போகப்போகச் சரியாகும் என்பவர்களுக்கு நாலு பெயர்களை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நான் முதலாண்டை முடிக்கப்போகிற நேரம், 2008 பிப்ரவரியில், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செந்தில்குமார் இறந்துபோனார். சேலம் மாவட்டத்துக்காரர். பன்றி வளர்க்கும் பன்னியாண்டிச் சமூகத்திலிருந்து இயற்பியல் ஆய்வுக்குப் போனவர். சேர்ந்து மாதங்கள் ஓடியும் அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. ஒரு தாளில் தேறாததால் உதவித்தொகை நின்றது. அந்தத் தொகையில் ஒரு பங்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17இல் ரோஹித் வெமுலா. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்ட உதவித்தொகை, விடுதியிலிருந்து வெளியேற்றம். 2017 மார்ச்சில் டெல்லியில் ஜே.என்.யூ. மாணவர், சேலத்து முத்துக்கிருஷ்ணன். திரும்பத் திரும்ப நுழைவுத்தேர்வு எழுதி அங்கே இடம் பிடித்தவர். 2023 பிப்ரவரி 12இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தர்ஷன் சோலங்கி. அகமதாபாத்தில் குழாய்ப்பணி செய்யும் தொழிலாளியின் மகன், வயது 18, முதலாண்டு, முதல் செமஸ்டர் தேர்வு அப்போதுதான் முடிந்திருந்தது. சாதி தெரிந்தபின் சக மாணவர்களின் நடத்தை மாறியது என்று தங்களிடம் சொன்னதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். நிறுவனம் அமைத்த குழு, சாதிப் பாகுபாட்டுக்குக் குறிப்பான சான்று இல்லை என்று சொல்லி, படிப்பில் பின்தங்கியதைச் சுட்டிக்காட்டியது. பிறகு அந்த ஆண்டு ஜூலையில் அதே நிறுவனம், மாணவர்கள் ஒருவரையொருவர் நுழைவுத்தேர்வு ரேங்க் என்ன என்று கேட்கக் கூடாது, அது சாதியைத் தெரிந்துகொள்ளும் வழி என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சான்று இல்லாத நோய்க்கு மருந்துச் சீட்டு!

இந்த மரணங்களை வீரமாக்கிப் பாடுவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். நாமும் அந்தத் தவறைச் செய்தோம். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு அட்டைப்படம், ஒரு கவிதைப் பக்கம். அவர்கள் உயிரோடு இருந்து, அரியர் எழுதி, சண்டை போட்டு, கிழவர்களாகி, நம்மோடு டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள்.

உயிரோடு திரும்பி வந்துவிடுகிறவர்களின் கணக்கு தனி. 2023 டிசம்பரில் மக்களவையில் அரசு கொடுத்த பதிலின்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.க்கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து படிப்பை இடையில் விட்ட பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். இதில் பட்டியல் சாதியினர் மட்டும் மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2,424, ஐ.ஐ.டி.க்களில் 1,068, ஐ.ஐ.எம்.களில் 188. மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொள்கிறார்கள் என்பது அமைச்சர் தரப்பு விளக்கம். எங்கள் தெருப் பெண்ணுக்கும் ஒரு வாய்ப்பு தயாராகத்தான் இருந்தது. காலையில் வாசலுக்கே வரும் வேன்.

அம்பேத்கரின் முதலாண்டைப் பற்றி நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை, பட்டங்களைத்தான் அடுக்குகிறோம். 1913 ஜூலையில் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். முதலில் தங்கிய ஹார்ட்லி ஹால் சாப்பாடு ஒத்துவரவில்லை. இடம் மாறி, பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பதேனா என்ற பார்ஸி மாணவரோடு தங்கினார். அந்தச் சிநேகம் ஆயுள்வரை நீடித்தது. கொலம்பியாவில் கிடைத்த சக மாணவர்களையும் பேராசிரியர்களையும் வாழ்வின் மிகச் சிறந்த நண்பர்கள் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஒளியத் தேவையில்லாத ஓர் ஊரில் படித்த அந்த மனிதர் 1917இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியபோது, தங்க இடமில்லாமல், ஒரு பார்ஸி விடுதியில் பார்ஸிப் பெயர் சொல்லி ஒளிந்து தங்க வேண்டியிருந்தது. பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. (எங்கள் பெண் திரும்பி வந்ததும் பதினோராம் நாள். தற்செயல்தான், ஆனாலும் எழுதும்போது கை நின்றது.) ஒரே ஆள். ஓரிடத்தில் ஒத்துவந்தது, இன்னோரிடத்தில் ஒத்துவரவில்லை. அப்படியானால் குறை அந்த ஆளிடமா இருந்தது?

அதனால்தான் அவர் தான் கட்டிய கல்லூரிகளை மாணவர் பக்கம் வளைத்தார். 1946இல் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காகக் காலை வகுப்புகள். 1950இல் ஔரங்காபாத்தில் தொடங்கிய, பின்னால் மிலிந்த் என்று பெயர் பெற்ற கல்லூரிக்கு மராத்வாடா கிராமங்களிலிருந்து முதல் தலைமுறைப் பிள்ளைகள் வந்தார்கள். முதல்வர் சிட்னிஸ் எழுதிய 'யுக யாத்ரா' நாடகத்தை மாணவர்கள் நடித்தார்கள். கல்லூரி இதழில் தங்கள் வீட்டை, தங்கள் பேச்சிலேயே எழுதினார்கள். மராத்தி தலித் இலக்கியத்தின் நாற்றங்கால்களில் ஒன்று அந்த வளாகம். அங்கே முதலாண்டு மாணவனிடம் யாரும் உன் வாயைத் திருத்திக்கொண்டு வா என்று சொல்லவில்லை. நம் பல்கலைக்கழகங்கள் நூறாண்டு, ஐம்பதாண்டு கொண்டாடுகின்றன. எதற்குத் தங்களை அட்ஜஸ்ட் செய்துகொண்டார்கள்? எய்ம்ஸ் பற்றி 2007இல் தோரட் குழு கொடுத்த அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும். தொல்லை தாங்காமல் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதி மேல்மாடிகளில் ஒன்றாக ஒதுங்கிப் போனதை அது பதிவுசெய்தது. தலைநகரத்து மருத்துவக் கல்லூரிக்குள் ஒரு சேரி, மாடியில்.

இங்கே ஒரு மாணவத் தோழர் குறுக்கிடுவார்: அப்படியானால் எல்லோரும் முதல் நாளே எழுந்து சாதியைச் சொல்லிவிட வேண்டுமா? நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட்டில் பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டியது சக மாணவர்கள்தானே? நியாயமான கேள்வி. அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது என்று பள்ளிகளுக்குச் சொன்னார். கல்லூரிகளுக்கும் அது அப்படியே பொருந்தும். அறுபது தலைகள் திரும்ப, வாசலில் நின்று கூப்பிட்டவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவன் சொல்லிக்காட்டுவது வேற, நாம சொல்றது வேற. எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை. நான் கேட்பது, சொல்லாமல் இருப்பதற்காக அது தனியாகச் சாக வேண்டியிருக்கக் கூடாது என்பதுதான். சொல்ல ஒரே ஒரு ஆள் அந்த வளாகத்தில் இருந்தால் போதும். எனக்கு ஒரு பரமக்குடிக்காரன் கதவைத் தட்டினான். நான்தான் திறக்கவில்லை.

ராகிங்குக்கு எதிராக எல்லாக் கல்லூரி வாசலிலும் பலகை தொங்குகிறது. 1996இல் நாவரசு கொலைக்குப் பிறகு 1997இல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்தது. பாகுபாட்டைத் தடுக்க சமவாய்ப்புப் பிரிவும் தனி அலுவலரும் வேண்டும் என்று யு.ஜி.சி. 2012இல் விதி செய்தது. அந்த அலுவலரின் பெயர் எழுதிய பலகையை உங்கள் வளாகத்தில் யாராவது பார்த்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அதை நடைமுறைப்படுத்தக் கேட்டு 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது யார்? ரோஹித்தின் அம்மா ராதிகா வெமுலாவும், மும்பையில் மருத்துவ மேற்படிப்பில் இருந்தபோது அந்த ஆண்டு இறந்த பாயல் தத்வியின் அம்மா அபேதா தத்வியும். பிள்ளையை இழந்த இரண்டு தாய்மார் போய் விதியை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். இது என் தொழில், அதனால் நீட்டிவிடாமல் சொல்கிறேன். 2012இல் வந்த அரசாணை 92, நம் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கட்டணங்களில் விலக்கு என்றது. ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலப் பங்கு 40 என்று 2020 டிசம்பரில் முடிவானபின், ஒன்றியப் பங்கு நேரே மாணவர் கணக்குக்கு வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்லூரி ஜூனில் பணம் கேட்கிறது, கணக்கில் பணம் விழ மாதங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியை நிரப்புவது யார்? பயர் ஆபீஸ் அட்வான்ஸ். அரசாங்கம் சட்டம் போடுகிறது, பட்டாசு முதலாளி கடன் கொடுக்கிறான், நம் அம்மாக்கள் அடுத்த தீபாவளி வரை அவனிடம் கட்டுப்பட்டு நிற்கிறார்கள். இந்தத் தேசம் வெடி வெடித்துக் கொண்டாடுவதற்குள் நம் வீட்டு உயர்கல்வியும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கையில், பாதிப் பிள்ளைகளின் பணம் சின்னச் சின்ன விஷயத்தில் நிற்பது தெரிகிறது. ஆதார் வேறொரு கணக்கோடு இணைந்திருக்கும். பள்ளியில் தொடங்கிய மைனர் கணக்கை 18 வயதானபின் மாற்றியிருக்க மாட்டார்கள். சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து. உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கை, இரண்டு வருஷம் வரவு செலவு இல்லை என்று செயலற்றதாக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லி, 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முடக்கிவிட்டோம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். கல்விக்கடன் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தரமாட்டார்கள். இதைச் சொல்வதால் என் மேலதிகாரிகள் சந்தோஷப்பட மாட்டார்கள். பரவாயில்லை, நானும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறேன்.

இயக்கத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரல் 14க்குத் தெரு முழுக்க ட்யூப்லைட் கட்டுகிறோம். ஒரு தோழர் கைதானால் நள்ளிரவில் ஸ்டேஷன் வாசலில் நாற்பது பேர் நிற்கிறோம். ஜூன், ஜூலையில் ஒரு பிள்ளை தகரப்பெட்டியோடு முதன்முதலாக விடுதிக்குப் போகும்போது கூட யார் போகிறோம்? அவள் அம்மா மட்டும் போகிறாள், அதுவும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு. வார்டன் கேட்கிற கேள்வி புரியாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நம்மில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர்! வங்கியில், பள்ளியில், தாலுகா ஆபீஸில் (இது நிஜ ஆபீஸ்) இருக்கிறோம். நாம் படித்த அதே வளாகத்துக்குப் போகிற பிள்ளையிடம், அங்கே இன்னது நடக்கும், இன்னார் இப்படிக் கேட்பார்கள், அப்போது எனக்கு இப்படி இருந்தது என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோமா? பேசினால் நாம் ஒளிந்த கதையைச் சொல்ல வேண்டி வரும். அதுதான் நம்மைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். படிவம் கொண்டுவந்த பையனை அனுப்பிவிட்ட கதை, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கதை எல்லாம். அறிவுரை எதுவும் சொல்லவில்லை, சொல்லும் யோக்கியதையும் இல்லை. அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒங்க அம்மா எங்ககிட்டச் சொன்னதே இல்லையே தம்பி" என்றார். பக்கத்துத் தெருவில் மதுரையில் மூன்றாமாண்டு படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், வேறு கல்லூரி. திங்கள்கிழமை காலை பஸ்ஸுக்கு அவள் வந்து நின்றாள். இருவரும் போனார்கள்.

இதை எழுதும்போது இருபது நாள் ஆகிறது. போன வாரம் பேசினாள். பக்கத்துப் பெண்ணிடம், "எங்கம்மா போறது பட்டாசு ஆபீஸ்" என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. இப்போது வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் வேறு இரண்டு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி விளாத்திகுளம் பக்கம், வீட்டில் கரிமூட்டம் போடுகிறார்கள். இன்னொருத்தி யார் என்ன என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆங்கிலம் இன்னும் பயமாகத்தான் இருக்கிறதாம். அம்மா ஆடி கடைசி ஞாயிறு பார்க்கப் போகிறார்.

திருத்தங்கல் தோழர்களுக்கு: இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம் தெரு நூலகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளையும் பழைய மாணவர்களையும் கூட்டுகிறோம். பிள்ளைகள் வங்கிப் புத்தகம், ஆதார், சாதிச் சான்றிதழ் கொண்டுவரவும். பழைய மாணவர்கள் எதுவும் கொண்டுவர வேண்டாம், தங்கள் முதலாண்டைச் சொன்னால் போதும். அம்மாக்கள் அவசியம் வர வேண்டும். சீசன் நேரம் என்பதால் ஞாயிறும் வேலை இருக்கும். ஆபீஸ் வேன் வந்து சேர ஏழு மணி ஆகிவிடும், ஆகவே ஏழரைக்குத் தொடங்குவோம்.